ஆர்.ஓ. மெம்பிரேனைக் காக்கும் மூன்று இலக்கங்கள்

வவுனியா நகரிலும் நெளுக்குளம் போன்ற சுற்றுப்புறக் கிராமங்களிலும் தண்ணீரைச் சுத்திகரித்துப் பாவிப்பதும் விற்பதும் இன்று பலருடைய தொழிலோடு கலந்துவிட்டது. 20 லீற்றர் கேன் நிரப்பிக் கொடுப்பவர், ஐஸ் அடிப்பவர், ஹோட்டல் நடத்துபவர், ஆலையில் கொதிகலன் வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் தேவைப்படுகிறது. நெளுக்குளத்தில் இப்படியான ஒரு சிறு நிலையத்தை நானும் நடத்தி வருகிறேன். என்னிடம் வரும் வியாபாரச் சகோதரர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு மெம்பிரேன் எத்தனை வருடத்துக்கு வரும்?"

இக்கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரே கொம்பனியின், ஒரே அளவான மெம்பிரேன் ஒருவரிடம் மூன்று முதல் ஐந்து வருடங்கள் உழைக்கிறது. இன்னொருவரிடம் ஆறு மாதத்தில் தூக்கி எறியும் நிலைக்கு வந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்திற்குப் பொருளின் தரத்தைவிடப் பராமரிப்பே பெரும் காரணம். தினமும் மூன்று இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பவருக்கு, மெம்பிரேன் கெடுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கிறது. எழுதாதவருக்குக் கெட்ட பிறகுதான் தெரியவருகிறது. இந்த வாரம் அந்த மூன்று இலக்கங்களைப் பற்றியும் மெம்பிரேனைக் கெடுக்கும் காரணங்களைப் பற்றியும் பார்ப்போம்.

நமது நிலத்தடி நீர்

வன்னியின் பெரும்பகுதி கடினப் பாறையின் மேல் அமைந்துள்ளது. மழைநீர் பாறை வெடிப்புகளில் தங்கி நிற்கும்போது கல்சியம், மக்னீசியம் முதலிய உப்புகளும் பல இடங்களில் புளோரைட்டும் அதில் கரைகின்றன. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இந்தக் கல்சியம்தான். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றரில் கரைந்துள்ள மொத்த உப்பு (டி.டி.எஸ்.) 500 மில்லிகிராமுக்கும், கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கும், புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்கிறது. உலர்வலயத்தின் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியவை.

1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்திற்கு வந்த காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் பாதித்தது. அதன் காரணம் பற்றி ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. எனினும் நிலத்தடி நீரின் மேல் மக்களுக்கு ஏற்பட்ட அச்சமே ஆர்.ஓ. இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இலங்கைக் கடற்படையும் தானே தயாரித்த ஆர்.ஓ. நிலையங்களைப் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் அமைத்தது. ஆகவே நமது வாடிக்கையாளர் தாகத்திற்காக மட்டும் கேன் வாங்குவதில்லை. தன் பிள்ளையின் சிறுநீரகத்தை நினைத்தும் வாங்குகிறார். மெம்பிரேன் கெட்டது தெரியாமல் நாம் தண்ணீர் விற்றால், அவர் நம்பிக் கொடுத்த பணத்துக்குக் கிணற்றுத் தண்ணீரையே திருப்பிக் கொடுத்தவர்களாகிறோம்.

மெம்பிரேனின் வேலை

இன்றைய ஆர்.ஓ. தொழிலுக்கு வழி திறந்த மெம்பிரேனை 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து சென்ற ஸ்ரீநிவாச சௌரிராஜனும் உருவாக்கினார்கள். இன்று நாம் பாவிப்பது அதற்குப் பின் வந்த பொலிஅமைட் வகை. குழாய் போலத் தெரியும் மெம்பிரேனை வெட்டிப் பார்த்தால் உள்ளே தாள் தாளாகச் சுருட்டப்பட்டிருப்பதைக் காணலாம். 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட '4040' மெம்பிரேனுக்குள் ஏறத்தாழ 7 முதல் 8 சதுர மீற்றர் தாள் இருக்கிறது. அதில் உப்பைத் தடுக்கும் படலம் ஒரு மில்லிமீற்றரின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே உடையது. மெம்பிரேனின் விலை முழுவதும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது.

அழுத்தத்துடன் தண்ணீரைச் செலுத்தும்போது ஒரு பகுதி படலத்தினூடாகச் சென்று நல்ல நீராக வருகிறது. மிகுதி, தடுக்கப்பட்ட உப்பையும் சுமந்துகொண்டு கழிவு நீராக வெளியேறுகிறது. நமது கிணற்று நீருக்கு 7 முதல் 15 பார் வரையான அழுத்தம் போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காக 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்து வைக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடியது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு 35,000 மில்லிகிராம் அளவு உப்பு இருப்பதால், அத்தகைய நிலையங்களுக்கு 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். அளவு எவ்வளவு வேறுபட்டாலும் தாளையடியிலும் நெளுக்குளத்திலும் மெம்பிரேனின் தத்துவம் ஒன்றுதான். கவனிக்க வேண்டிய இலக்கங்களும் அவையேதான்.

அந்த மூன்று இலக்கங்கள்

விளக்கத்திற்காக ஒரு சிறு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு 4040 மெம்பிரேன்கள். கிணற்று நீரின் டி.டி.எஸ். 800. மணிக்கு 720 லீற்றர் உள்ளே போகிறது. 360 லீற்றர் நல்ல நீராகவும் 360 லீற்றர் கழிவாகவும் வருகிறது. நல்ல நீரின் டி.டி.எஸ். 30.

முதலாவது, நல்ல நீரின் அளவு. புதிய மெம்பிரேன் பூட்டி இரண்டொரு நாள் ஓடிய பின் மணிக்கு எத்தனை லீற்றர் வருகிறதோ, அதுவே அடிப்படை இலக்கம். அதே அழுத்தத்தில் அது 10 வீதம் குறைந்தால், அதாவது 360 லீற்றர் 324க்கு இறங்கினால், மெம்பிரேனைக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, உப்பு கடந்து வரும் வீதம். நல்ல நீரின் டி.டி.எஸ்.ஸைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்.ஸால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். நமது உதாரணத்தில் 30ஐ 800ஆல் வகுத்தால் 3.75 வீதம். நல்ல நீரை மட்டும் அளந்தால் போதாது. மாரியில் கிணற்று நீரின் உப்புக் குறையும். அப்போது கெட்டுப்போன மெம்பிரேனும் நல்ல இலக்கம் காட்டும். இந்த வீதம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், டி.டி.எஸ். இன்னும் குடிக்கத்தக்க அளவில் இருந்தாலும் காரணத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது, அழுத்த வித்தியாசம். மெம்பிரேனுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு மீற்றரும், கழிவு வால்வுக்கு முன்னால் ஒரு மீற்றரும் இருக்க வேண்டும். முதல் மீற்றரிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே இந்த இலக்கம். இது 15 வீதம் கூடினால் உள்ளே வழி அடைபடுகிறது என்று பொருள். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் ஒரு மீற்றரே பூட்டப்பட்டு வருகிறது. இரண்டாவதைப் பூட்டுவதற்கான செலவு, மெம்பிரேனின் விலையோடு ஒப்பிடும்போது மிகச் சொற்பம்.

இங்கே ஒரு முக்கிய விடயத்தைக் கவனத்திற்கொள்ள வேண்டும். தண்ணீரின் வெப்பம் ஒரு பாகை கூடினால் நல்ல நீரின் அளவு ஏறத்தாழ 3 வீதம் கூடும். காலையில் 28 பாகையில் இருக்கும் தண்ணீர் மதிய வெயிலில் கறுப்புத் தாங்கிக்குள் 34 பாகையானால், 18 வீதமளவு கூடுதலாக நீர் வரும். மெம்பிரேன் 15 வீதம் அடைபட்டிருந்தாலும் மதியத்தில் பார்ப்பவருக்குக் குறைவு எதுவும் தெரியாது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில், காலையில் இயந்திரம் அரை மணித்தியாலம் ஓடிய பின் இலக்கங்களை எழுதுங்கள். பக்கத்தில் தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கழிவு வால்வை இறுக்கும் ஆசை

பாதிக்குப் பாதி தண்ணீர் கானுக்குள் போவதைப் பார்க்க எந்த வியாபாரிக்கும் மனம் வருந்தும். வால்வைச் சற்று இறுக்கினால் கழிவு குறைகிறது, நல்ல நீர் கூடுகிறது. அன்றைய கணக்கில் அது இலாபம்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

பாதி நீரை எடுத்தால் மிகுதி நீரில் உப்பு ஏறத்தாழ 2 மடங்காகிறது. முக்கால் பங்கை எடுத்தால் 4 மடங்கு. 80 வீதத்தை எடுத்தால் 5 மடங்கு. கிணற்றில் 400 ஆக இருந்த கடினத்தன்மை, முக்கால் பங்கை எடுக்கும்போது கடைசி மெம்பிரேனின் வாலில் 1,600 ஆகிவிடும். அங்கே கல்சியம் கரைந்திருக்க முடியாமல் கல்லாகப் படிகிறது. இப்படிப் படிந்த மெம்பிரேனைக் கழற்றிக் கையில் எடுத்தாலே பாரம் கூடியிருப்பது தெரியும். புதிய மெம்பிரேனை நீர் வடியவிட்டுத் தராசில் நிறுத்து, அந்த நிறையைக் கொப்பியில் எழுதி வைத்தால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு விடயமும் உண்டு. 4 அங்குல மெம்பிரேனுக்குள் கழிவுப் பக்கம் மணிக்குக் குறைந்தது 700 லீற்றரளவு ஓட்டம் இருக்க வேண்டும். அந்த ஓட்டமே அழுக்கைத் தங்கவிடாமல் இழுத்துச் செல்கிறது. நமது உதாரணத்தில் கானுக்குப் போவது 360 லீற்றரே என்பதால், கழிவின் ஒரு பகுதியைத் திரும்பவும் பம்பின் வாய்க்கு அனுப்பும் சுற்றுக் குழாய் அவசியம். உங்கள் இயந்திரத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

படிவு உண்டாகாமல் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முன்னால் மென்னீராக்கி வைத்து உப்புக் கரைசலால் அதை ஒழுங்காகப் புதுப்பிப்பது. மற்றது, அன்டிஸ்கேலன்ட் மருந்தை ஒரு லீற்றருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் வீதம் செலுத்துவது. மணிக்கு 720 லீற்றருக்கு 3 மில்லிகிராம் என்றால் மணிக்கு 2 கிராமை விடச் சற்றுக் கூட. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 17 கிராம். மருந்துக் கலன் மாதக் கணக்கில் குறையாமல் நின்றால், மிச்சம் பிடித்தோம் என்று மகிழ வேண்டாம். மருந்துப் பம்ப் வேலை செய்யவில்லை என்றே அதற்கு அர்த்தம்.

தண்ணீர் கூடினாலும் கெட்ட செய்திதான்

பொலிஅமைட் படலத்தின் பெரிய எதிரி குளோரின். உள்ளே போகும் நீரில் குளோரின் லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்காகவே முன்னால் கரி வடிகட்டி வைக்கப்படுகிறது. கரிக்கும் ஆயுள் உண்டு. வருடக் கணக்கில் மாற்றாத கரி, வெறும் கறுப்பு மணல்தான்.

நமது பகுதியில் வெள்ளம் வடிந்த பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவது வழமை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் செய்யும் அவசியமான பணி அது. நோய் பரவாமல் தடுக்கிறது. ஆனால் அதே கிணற்றிலிருந்து ஆர்.ஓ. ஓடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மாரி முடிந்த சமயம், அறிமுகமான ஒரு வியாபாரி மகிழ்ச்சியோடு வந்து சொன்னார்: "நானா, முன்னைய விட இப்ப தண்ணி கூட வருது. மெசின் நல்லாப் பழகிட்டுது."

அவருடைய நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். மணிக்கு 190 லீற்றர் வந்த இடத்தில் 235 வந்துகொண்டிருந்தது. 28 ஆக இருந்த டி.டி.எஸ். 95 ஆகியிருந்தது. அழுத்தத்தில் மாற்றமில்லை. குளோரின் படலத்தைத் தின்றுவிட்டால் தண்ணீரும் இலகுவாகக் கடக்கும், உப்பும் இலகுவாகக் கடக்கும். இப்படிக் கெட்ட மெம்பிரேனுக்கு எந்தக் கழுவலும் மருந்தாகாது, மாற்றத்தான் வேண்டும். கிணற்றுக்கு மருந்து போட்டு மூன்று கிழமை ஆகியிருந்தது. முதல் நாட்களிலேயே இலக்கங்களை எழுதியிருந்தால் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

கிணற்றுக்குக் குளோரின் இட்டால் அது அற்றுப்போகும் வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள். குளோரின் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டியை வாங்கி, கரி வடிகட்டிக்குப் பின்னால் வரும் நீரைச் சோதியுங்கள். நிறம் மாறினால் இயந்திரத்தை நிறுத்துங்கள். குழாய் நீர் பாவிப்பவர்கள் இதைக் கிழமைக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும். ஏனெனில் அதில் குளோரின் எப்போதும் இருக்கும்.

நோயை இனங்காணும் முறை

மூன்று இலக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் என்ன நோய் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1. நல்ல நீர் குறைகிறது, உப்பு கூடுகிறது, அழுத்த வித்தியாசமும் ஏறுகிறது: பெரும்பாலும் கல் படிவு. இது கடைசி மெம்பிரேனில் தொடங்கும்.

2. அழுத்த வித்தியாசம் விரைவாக ஏறுகிறது, நல்ல நீர் குறைகிறது, உப்பில் பெரிய மாற்றமில்லை: பாசி போன்ற கிருமிப் படலம் அல்லது சேறு. இது முதல் மெம்பிரேனில் தொடங்கும். 5 மைக்ரோன் வடிகட்டியைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பும் நாற்றமும் இருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

3. நல்ல நீரும் உப்பும் சேர்ந்து கூடுகின்றன: குளோரின் தாக்கம்.

4. உப்பு திடீரென ஒரே நாளில் ஏறுகிறது: ரப்பர் வளையம் வெட்டுப்பட்டிருக்கலாம் அல்லது விலகியிருக்கலாம். மெம்பிரேன் வாங்க ஓடுவதற்கு முன் வளையங்களைப் பாருங்கள். பல மெம்பிரேன் குழல்கள் உள்ளவர்கள் ஒவ்வொரு குழலின் நல்ல நீரையும் தனித்தனியே அளந்தால் பிழை எங்கே என்று தெரியும்.

அழுத்தத்தைக் கூட்டி நோயை மறைப்பது பலருடைய வழக்கம். 10 பாரில் ஓடியதை 13 பாரில் ஓட்டினால் தண்ணீர் பழைய அளவுக்கு வரும். ஆனால் பம்பின் மின்செலவு ஏறத்தாழ 30 வீதம் கூடும். படிவும் மேலும் இறுகும்.

நிறுத்தும் வேளையில் வரும் கேடு

மெம்பிரேனுக்கு ஓடும்போது வரும் கேட்டைப் போலவே நிற்கும்போதும் கேடு வரும். இயந்திரத்தை நிறுத்தியதும் உள்ளே தேங்கி நிற்பது செறிவான கழிவு நீர். இரவு முழுதும் அது நின்றால் கல் படியத் தொடங்கும். ஆகவே நிறுத்துவதற்கு முன் கழிவு வால்வை முழுதாகத் திறந்து, குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். நல்ல நீரால் அலசினால் இன்னும் சிறப்பு.

மின்வெட்டு வரும்போது இந்த அலசலுக்கு இடமில்லாமல் போகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். உயரத்தில் சிறு தாங்கி ஒன்றை வைத்து நல்ல நீரை நிரப்பி, மின்சாரம் நின்றதும் வால்வைத் திறந்து, மெம்பிரேனின் உள்வாய் வழியாக இறங்கவிட்டால் மின்சாரமின்றியே அலசலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் மெம்பிரேனிலிருந்து வரும் நல்ல நீரை நேரடியாக மேல் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். பம்ப் நின்றதும் அந்தத் தண்ணீர்த் தூண் நல்ல நீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி அமுக்கும். 3 மீற்றர் உயரம் 0.3 பாருக்குச் சமன். பின்னழுத்தம் அந்த அளவைத் தாண்டினாலே தாள்களை ஒட்டியிருக்கும் பசை விடத் தொடங்கலாம். நல்ல நீரை முதலில் கீழேயுள்ள தாங்கியில் விழவிட்டு, வேறொரு பம்பினால் மேலே ஏற்றுவதே பாதுகாப்பு.

இரண்டு நாட்களுக்கு மேல் கடை பூட்டுவதானால், நல்ல நீரில் 1 வீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி மூடி வையுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கரைசலை மாற்ற வேண்டும். மீண்டும் தொடங்கும்போது ஒரு மணித்தியாலமளவு வரும் நீரை விற்காமல் வெளியே விடுங்கள். ஒரு தடவை நனைந்த மெம்பிரேனை எக்காரணம் கொண்டும் காயவிடக் கூடாது.

கழுவும் முறை

கழுவுவதற்கு முன் நோய் எதுவென்று தீர்மானியுங்கள். கழிவுக் குழாயின் வாயில் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்துத் தேசிக்காய்ப் புளியை விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. அமிலம் அதைக் கரைக்கும். வழுவழுப்பான படலமானால் முதலில் காரமும் அதன் பின் அமிலமும் வேண்டும்.

நமது உதாரண நிலையத்தின் இரண்டு மெம்பிரேன்களுக்கும் குழாய்களுக்கும் 50 லீற்றர் கரைசல் போதும். அமிலக் கழுவலுக்கு 50 லீற்றர் நல்ல நீரில் 1 கிலோ சிட்ரிக் அசிட். இது 2 வீதம். காரக் கழுவலுக்கு 50 லீற்றரில் 50 கிராம் கோஸ்டிக் சோடாவுக்கு மேல் போடாதீர்கள், பி.எச். 12ஐத் தாண்டாமல் பி.எச். தாளினால் பார்த்துக்கொள்ளுங்கள். கரைசலின் சூடு 35 பாகையை மீறக் கூடாது.

கழிவு வால்வை முழுதாகத் திறந்து, 2 முதல் 4 பாருக்குட்பட்ட குறைந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 30 முதல் 40 லீற்றர் வீதம் சுற்றவிடுங்கள். கழிவுக் குழாயும் நல்ல நீர்க் குழாயும் கரைசல் கலனுக்கே திரும்ப வேண்டும். அரை மணித்தியாலம் சுற்றவிட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மீண்டும் அரை மணித்தியாலம் சுற்றவிடுங்கள். கரைசல் கலங்கினால் அல்லது பி.எச். மாறினால் புதிதாகக் கலக்குங்கள். முடிந்ததும் நல்ல நீரால் நன்றாக அலசுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இவ்வேலைக்கு ஆளை விடாதீர்கள். அமிலத்தையும் காரத்தையும் ஒன்றின் பின் ஒன்றாகப் பாவிக்கும்போது இடையில் முழுதாக அலச வேண்டும். குளோரின் தூளுக்குக் கிட்டவும் அமிலத்தைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். சவர்க்காரத் தூள், பாத்திரம் கழுவும் திரவம், மலசலகூடம் கழுவும் அமிலம் ஆகியவற்றை மெம்பிரேனுக்குள் விடவே கூடாது.

10 வீதக் குறைவில் கழுவினால் மெம்பிரேன் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பும். பாதியாகக் குறையும் வரை காத்திருந்து கழுவினால் கரைசல் செல்லவே வழியிருக்காது.

கழிவு நீர் எங்கே போகிறது?

ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. 800 டி.டி.எஸ். நீரில் பாதியை எடுத்தால் கழிவில் ஏறத்தாழ 1,570 இருக்கும். புளோரைட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் அது மண்ணால் இறங்கி நமது கிணற்றுக்கோ அயல்வீட்டுக் கிணற்றுக்கோ திரும்பி வரும். பின்னர் மெம்பிரேனுக்கும் அதே நீர்தான்.

தமிழ்நாட்டின் திருப்பூரில் சாயப் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த வழக்கில், கழிவு வெளியேற்றத்தைப் பூச்சியமாக்கும் வரை அவற்றை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் திறந்த பட்டறைகள் ஆர்.ஓ.வில் நீரை மீட்டு, மிகுதியைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. நமது சிறு நிலையங்களின் கழிவில் சாயம் இல்லை. ஆனாலும் அயலவரின் கிணறு உவர்த்தால் கேள்வி நம்மிடம்தான் வரும். கழிவை ஒரு தாங்கியில் சேர்த்து நிலம் கழுவவும் மலசலகூடத்துக்கும் பாவியுங்கள். மிகுதியைக் கிணற்றிலிருந்து தூரமாக, பிரதேச சபை ஏற்கும் வடிகாலில் விடுங்கள்.

பணக்கணக்கு

கணக்கை இலகுவாக்க ஒரு மெம்பிரேனின் விலை 48,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். ஒரு மெம்பிரேன் மணிக்கு 180 லீற்றர் வீதம், நாளைக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 432,000 லீற்றர். ஒரு வருடத்தில் கெட்டால் 20 லீற்றர் கேனுக்கு மெம்பிரேன் செலவு ஏறத்தாழ 2 ரூபா 22 சதம். மூன்று வருடம் உழைத்தால் 74 சதம். ஒரு கேனில் ஒன்றரை ரூபா சிறிதாகத் தெரியலாம். ஆனால் வருடத்துக்கு 21,600 கேன். வித்தியாசம் 32,000 ரூபா. மெம்பிரேன் வரும் வரை கடை மூடிய நாட்களும், வேறு கடைக்குப் போன வாடிக்கையாளரும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நாளையிலிருந்து ஒரு கொப்பியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். திகதி, நேரம், நீரின் வெப்பம், கிணற்று நீரின் டி.டி.எஸ்., நல்ல நீரின் டி.டி.எஸ்., நல்ல நீரின் அளவு, கழிவின் அளவு, இரண்டு மீற்றர்களின் அழுத்தம், செய்த வேலை என ஒன்பது நிரல்கள் போதும். எழுத ஐந்து நிமிடம் ஆகாது. எழுதும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். கிழமைக்கு ஒரு நாள் முதலாளி தானே அமர்ந்து வாசியுங்கள். கிணற்று நீரையும் நல்ல நீரையும் வருடத்தில் கோடையில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதித்து அறிக்கையை அதே கொப்பியில் ஒட்டி வையுங்கள். டி.டி.எஸ். மீற்றர் கிருமியைக் காட்டாது. புளோரைட்டைத் தனியாகவும் காட்டாது. வாடிக்கையாளர் ஒருவர் "உங்கட தண்ணி எப்படி?" என்று கேட்டால், அந்தக் கொப்பியை அவரிடம் விரித்துக் காட்டுங்கள்.